மரத்தின் மேல் சிரிப்பு: உண்டு / இல்லை

லிஃப்ட் அக்காவுக்கு இருந்த நோய் ஒன்றே ஒன்றுதான். மரத்தில் பதினைந்து அடிக்கு மேலே போனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

வாயைப் பொத்திக்கொண்டு அடக்குகிற சிரிப்பென்று நினைத்துவிடாதீர்கள். அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையைத் தள்ளித் திறந்துகொண்டு, கண்ணில் நீர் வழிய, கயிறு குலுங்க வருகிற சிரிப்பு. பதினான்கு அடி வரைக்கும் நல்ல பெண்மணிதான். சொன்னதைக் கேட்பாள், முடிச்சைச் சரிபார்ப்பாள், கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகு ஒரு கிளை, இன்னொரு கிளை, காலுக்குக் கீழே கூரைகள் தெரிய ஆரம்பிக்கும். அவ்வளவுதான், போச்சு.

"பயமா இருக்கா?" என்று முதல் நாளே பயிற்சியாளர் கீழேயிருந்து கேட்டார்.

"இல்ல சார், சந்தோஷமா இருக்கு" என்று அவள் மேலேயிருந்து சொன்னாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு இரண்டு நிமிடம் ஆனது.

மரப் பராமரிப்புப் பள்ளியில் அவளுக்கு லிஃப்ட் அக்கா என்று பெயர் வந்ததற்குக் காரணம் அவளுடைய பழைய வேலை. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடம் தொலைபேசி எடுத்தவள். நகரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டில் மாட்டிக்கொண்டாலும் சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். அழைப்பு அவள் காதில் வந்து விழும். அவள் சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம். "பயப்படாதீங்க. நான் கூடவே இருக்கேன். ஆள் வந்துட்டே இருக்காங்க." சிலர் அழுவார்கள், சிலர் திட்டுவார்கள், ஒரு கல்யாண மாப்பிள்ளை ஒரு மணி நேரம் தன் காதல் கதையைச் சொன்னார். யார் என்ன செய்தாலும் அந்த மூன்று வாக்கியம் மாறாது, குரலும் மாறாது. ஆனால் பதினான்கு வருடத்தில் அந்த 'ஆள்' போய்க் கதவைத் திறந்ததை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் மூன்றாம் மாடி ஜன்னல், அதற்கு வெளியே ஒரு பெரிய மரம்.

போன வருடம் ஒரு புயலில் அந்த மரம் முறிந்து ஜன்னல் மேல் சாய்ந்தது. மறுநாள் காலை அவள் யாரோ ஒருவரிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் ஒரு பெண் ஆடிக்கொண்டு வந்து நின்றாள். மஞ்சள் ஹெல்மெட், இடுப்பில் ரம்பம், முகமெல்லாம் மரத்தூள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவளைப் பார்த்து ஒரு கையை ஆட்டிவிட்டு, காலால் சுவரை ஒரு உந்து உந்தி மறுபடி ஆடிப்போய்விட்டாள். லிஃப்ட் அக்கா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். லிஃப்டில் மாட்டியிருந்தவர்தான் "அம்மா, இருக்கீங்களா? பயப்படாதீங்க" என்று அவளுக்குத் தைரியம் சொன்னாராம்.

நாற்பத்தொரு வயதில், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு, மரம் ஏறப் படிக்கப் போகிறேன் என்று ஒருத்தி சொன்னால் வீடு என்ன சொல்லும்? நாத்தனார் தொலைபேசியிலேயே தலையில் அடித்துக்கொண்டாள், அந்தச் சத்தம் இங்கே கேட்டது. கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். உயரம் என்றாலே அவருக்கு ஆகாது. வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால்கூட ஸ்டூலில் ஏறுவது அவள், கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது அவர். "நீ ஏறு, நான் பார்க்க மாட்டேன், அவ்வளவுதான்" என்றார். அதுதான் அவர் கொடுத்த சம்மதம்.

கம்பெனி ஆறு மாதம் விடுப்புக் கொடுத்தது. தேர்ச்சி பெற்றால் நகராட்சியின் மரப் பிரிவில் வேலை காத்திருந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும். தேறாவிட்டால் அதே திங்கட்கிழமை அதே நாற்காலி, அதே தொலைபேசி. அடுத்த தேர்வுக்கு இன்னும் ஆறு மாதம், அதற்கு விடுப்புக் கிடையாது. ஆக எல்லாம் ஒரு தேர்வில் வந்து நின்றது. இடையில் நின்றது இந்தச் சிரிப்பு.

பயிற்சியாளருக்கு வயது முப்பத்தொன்று. அவளைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் முகத்துக்கு மட்டும் நூறு வயது. அந்த முகத்தில் பல் தெரிந்து யாரும் பார்த்ததில்லை. மாணவர்கள் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. பள்ளி மைதானத்தின் நடுவில் நின்ற பயிற்சி மரமோ தூங்குமூஞ்சி மரம். இந்த இரண்டு மூஞ்சிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சிரிக்காமல் இருப்பது எப்படி என்று லிஃப்ட் அக்கா கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஹெல்மெட்டில் இருக்கும் எண்தான். அவள் ஏழு.

எட்டாம் எண், காய்கறிச் சந்தையில் இருபது வருடம் ஏலம் கூவியவர். எல்லாருக்கும் அவர் ஏலக்காரர். கத்திக் கத்திச் சலித்துப்போய், இனிமேல் பேசாத ஒன்றோடுதான் வேலை பார்ப்பேன் என்று மரத்துக்கு வந்தவர். அவள் மேலே ஏறினால் கீழே கயிறு பிடிப்பது அவர்தான். கிளையை அறுக்குமுன் மேலே இருப்பவர் "கீழே யாரு?" என்று கேட்க வேண்டும், கீழே இருப்பவர் சுற்றிப் பார்த்துவிட்டு "யாருமில்லை" என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் ரம்பத்தை அசைக்கக்கூடாது. இதுதான் அந்தப் பள்ளியின் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான். ஏலக்காரர் மட்டும் பழக்கதோஷத்தில், "கீழே யாருமில்லை ஒரு தரம்! கீழே யாருமில்லை ரெண்டு தரம்!" என்றுதான் சொல்வார். மூன்றாவது தரம் சொன்ன பிறகுதான் கிளை விழும். உம்மணாமூஞ்சி அதைத் திருத்தப் பார்த்து, பிறகு, மூன்று தடவை பார்ப்பது நல்லதுதானே என்று விட்டுவிட்டார்.

வினை வந்தது நான்காம் மாதத்தில். லிஃப்ட் அக்கா இருபது அடி உயரத்தில் இருந்தாள். காய்ந்த கிளை ஒன்று ரம்பம் பாதியில் இருக்கும்போதே முறிய ஆரம்பித்தது. "கிளை வருது!" என்று அவள் கத்த வேண்டும். கத்தவும் செய்தாள். ஆனால் அவள் அதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்ததால் "கி... கிஹி... கிளைஹிஹி..." என்றுதான் வந்தது. கீழே இருந்தவர்கள் தாங்களும் சிரித்தார்கள், ஒருவரும் நகரவில்லை. கிளை நேராக வந்து ஏலக்காரரின் சாப்பாட்டு டப்பா மேல் இறங்கியது. டப்பா தட்டாகிவிட்டது. டப்பாவுக்கும் ஏலக்காரரின் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

உம்மணாமூஞ்சி அந்த நசுங்கிய டப்பாவை எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

"ஏழு, நீங்க சிரிக்கிறது எனக்குப் பிரச்சனை இல்ல. மேலேர்ந்து வர்ற வார்த்தை கீழ புரியணும். புரியலன்னா அடுத்த தடவை இது டப்பாவா இருக்காது."

அவளுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே இறங்கி வந்து ஏலக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அட விடுங்கக்கா, உப்பே இல்லாத சாப்பாடு, போனா போகட்டும்" என்றார் அவர், தன்னால் முடிந்த மிகச் சின்னக் குரலில். அது பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டது.

மறுநாள், கடைசித் தேர்வுக்கு மார்க் போடும் தேர்வுத் தாளில் ஒரு புதிய வரி முளைத்திருந்தது. அச்சடித்த வரிகளுக்கெல்லாம் கீழே, உம்மணாமூஞ்சியின் கையெழுத்தில்: 'மரத்தின் மேல் சிரிப்பு: உண்டு / இல்லை.' உண்டு என்றால் தேறவில்லை என்று அர்த்தம். ஒன்பது பேருக்கும் ஒரே தாள்தான். ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று மரத்துக்கே தெரியும்.

அதிலிருந்து வீட்டில் சிரிக்காமல் இருக்கப் பயிற்சி தொடங்கியது. சாப்பாட்டு மேசை மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் லிஃப்ட் அக்கா. கீழே மகள் வாத்தியார் மாதிரி ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள்.

"கிளையை அறுக்கிறப்ப முதல் வெட்டு எங்க?"

"அடியில."

"ஏன்?"

"இல்லன்னா கிளை போறப்ப பட்டையை உரிச்சுக்கிட்டுப் போயிடும்."

"கடைசி வெட்டு?"

"கிளை மரத்தோட சேர்ற இடத்துல வீங்கியிருக்கிற கழுத்துக்கு வெளியே. கழுத்துல கை வெச்சா காயம் ஆறாது."

"சரி. இப்ப அப்பாவைப் பாரு."

அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மேசையின் நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். அதோடு அன்றைய வகுப்பு முடிந்துவிடும்.

கணவர் யோசனை சொல்வதில் குறை வைக்கவில்லை. "சாவு வீட்டை நினைச்சுக்கோம்மா" என்றார். நினைத்தாள். அவளுக்கு ஞாபகம் வந்தது பெரியப்பாவின் சாவு வீடு. அங்கே மாலை போட வந்த ஒருவர், சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு அதைப் போட்டுவிட்டார். ஸ்டூல் கவிழ இருந்தது. வாயில் கிராம்பு அடக்கிப் பார்த்தாள், விழுங்கிவிட்டாள். நாக்கைக் கடித்துப் பார்த்தாள், பேச்சு குழறியது. கடைசியில் நாத்தனாரை நினைத்துக்கொண்டு ஏறினாள். அது மட்டும் இருபத்தைந்து அடி வரை வேலை செய்தது.

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசித் தேர்வு, மரத்தில் அடிபட்டு மயங்கித் தொங்கும் ஒருவரை ஏறிப்போய்ப் பத்திரமாக இறக்குவது. அடிபட்டவராக நடிப்பதற்கு ஒரு பொம்மை இருந்தது. கான்வாஸ் துணியில் தைத்து மணல் அடைத்தது, ஓர் ஆள் எடை. எல்லாரும் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும், அவர் ஒரு விரலை அசைக்க மாட்டார் என்பதால் மாப்பிள்ளை என்று பெயர். போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை லிஃப்ட் அக்காவின் கணவருடையது, அவள்தான் கொண்டு வந்து மாட்டிவிட்டாள்.

தேர்வு இரண்டு நாள். முதல் நாள் ஒன்றிலிருந்து ஆறு வரை முடிந்தது. ஆறு பேரும் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து இறக்கியதில், ஆறு பேரின் வியர்வையும், ஆறு மாத அழுக்கும், அவர் மேல் தூங்குகிற பூனையின் வாசனையும் சேர்ந்து ஆளைத் தூக்கியது. நாளைக் காலையில் முதல் ஆளாகக் கட்டிப்பிடிக்க வேண்டியவள் லிஃப்ட் அக்கா. மற்றவர்கள் கிளம்பியதும் அவள் வீட்டுக்காரி புத்தியில் ஒரு காரியம் செய்தாள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புத்தூளைக் கொட்டி, மாப்பிள்ளையைச் சட்டையோடு தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கொட்டகைக்குள் இழுத்துப்போய்ச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் கமகமவென்று இருப்பதைப் பார்த்துப் பூரித்துப்போய் வீட்டுக்குப் போனாள். மணல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது அவள் யோசனையில் வரவே இல்லை.

காலையில் மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் மாப்பிள்ளை தரையை விட்டுக் கிளம்பவில்லை. ஐந்து பேர் இழுத்தார்கள். முனகிக்கொண்டே இருபது அடி ஏறினார். அங்கே போனதும் வயிற்றுத் தையல் பிரிந்தது. ஈர மணலும் சோப்பு நுரையுமாகக் கொட்டத் தொடங்கி, நேர்கீழே தேர்வுத் தாளோடு நின்றிருந்த உம்மணாமூஞ்சியின் தலைமேல் கொட்டி முடிந்தது. மேலே கட்டம் போட்ட சட்டை மட்டும் காற்றில் ஆடியது.

அவர் கண்ணிலிருந்து நுரையை வழித்தார். "மாப்பிள்ளைக்குத் தண்ணி ஊத்தினது யாரு?"

லிஃப்ட் அக்கா கையைத் தூக்கினாள். "நான்தான் சார். நாத்தம் தாங்கல."

"மணல்ல தண்ணி ஊத்தினா என்ன ஆகும்?"

"சுத்தமாகும்னு நினைச்சேன் சார்."

ஒன்பதாம் எண் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தது. தரையில் சிரிக்கத் தடையில்லை. லிஃப்ட் அக்காவுக்கோ சிரிப்பு வரவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பொம்மை இல்லாமல் தேர்வு இல்லை. தேர்வு இல்லாவிட்டால் திங்கட்கிழமை நாற்காலி. தன் கையாலேயே சோப்புப் போட்டுக் கழுவி விட்டாயே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வேலிக்கு வெளியே கணவரும் மகளும் வந்து நின்றிருந்தார்கள். கணவர் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். "சொல்லும்மா, என்ன நடக்குது?" என்று மகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

உம்மணாமூஞ்சி கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். பொம்மை இல்லாவிட்டால் சான்றிதழ் வாங்கிய ஒருவர் தொங்கலாம் என்று விதியில் இருந்தது. அந்த மைதானத்தில் சான்றிதழ் வாங்கியவர் ஒரே ஒருவர்தான்.

"நானே தொங்குறேன்" என்றார்.

"அப்ப மார்க் யாரு சார் போடுவா?" என்றார் ஏலக்காரர்.

"நான்தான். தொங்கிக்கிட்டே பார்த்துக்கிறேன். மயக்கத்துல இருக்கிற ஆள் பேச மாட்டேன், அசைய மாட்டேன். பதினஞ்சு நிமிஷம். கீழே கொண்டு வந்து சேர்க்கணும்." லிஃப்ட் அக்காவின் பக்கம் திரும்பினார். "அந்தக் கடைசி வரி ஞாபகம் இருக்கட்டும், ஏழு."

முப்பதடி உயரத்தில், தூங்குமூஞ்சி மரத்தின் அகலக் கிளை ஒன்றுக்குக் கீழே, அவர் தன் கயிற்றில் தலை சாய்ந்து தொங்கினார். கீழேயிருந்து பார்த்தால் உண்மையிலேயே உயிர் இல்லாத மாதிரி இருந்தது. அவருடைய முகத்துக்கு அது பெரிய வேலையே இல்லை. கீழே ஒன்பதாம் எண் விசில் ஊதியது.

லிஃப்ட் அக்கா கிளம்பினாள். பக்கத்துக் கயிற்றில் முடிச்சை மேலே தள்ளி, காலால் கயிற்றை மிதித்து எழுந்து, மறுபடி தள்ளி. பத்தடி. பதினான்கு. பதினைந்து. நாத்தனார், நாத்தனார் என்று ஜபித்தாள். இருபதடியில் கூரைகள் தெரிந்தன. ஒரு மொட்டை மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். இலைகளுக்கு நடுவில் வெயில் பொடிப்பொடியாக விழுந்தது. அடிவயிற்றில் அந்தப் பழைய குறுகுறுப்பு கிளம்பிவிட்டது. இருபத்தைந்தில் நாத்தனார் கைவிட்டாள். ஐயோ, எவ்வளவு நன்றாக இருக்கிறது இந்த உலகம் என்று அவளுக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கிளையைச் சோதித்தாள், அவர் கயிற்றைச் சோதித்தாள், மூச்சைப் பார்த்தாள். மயங்கிக் கிடப்பவரிடமும் பேச வேண்டும் என்பது விதி. வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வரும் என்று பயந்துகொண்டே திறந்தாள்.

"பயப்படாதீங்க. நான் கூடவே இருக்கேன்."

வந்தது தொலைபேசிக் குரல். பதினான்கு வருடம் ஒரு சுருக்கமும் விழாத குரல். அவளே திடுக்கிட்டுப்போனாள். மூன்றாவது வாக்கியம் தானாக நாக்கு நுனிக்கு வந்து, அங்கே நின்றுவிட்டது. ஆள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று யாரைப் பற்றிச் சொல்வது? அந்த ஆள் இவள்தான். ஹெல்மெட்டும் ரம்பமுமாக இங்கே தொங்கிக்கொண்டிருப்பவள் இவள்தானே!

"ஆள் வந்தாச்சு" என்றாள்.

வருவது அழுகையா சிரிப்பா என்று பார்க்க நேரமில்லை. மயங்கியவர் தலை தொங்கிவிடாமல் இருக்க மார்பைச் சுற்றி ஒரு பட்டை போட வேண்டும். அதை அவருடைய வலது அக்குளுக்கு அடியில் செருகி, முதுகுப் பக்கம் தள்ளினாள்.

உம்மணாமூஞ்சியின் உடம்பு ஒரு துள்ளுத் துள்ளியது.

வலித்துவிட்டதோ என்று நினைத்தாள். இன்னும் மெதுவாக, விரல் நுனியால், இடது அக்குளுக்குக் கீழே பட்டையைத் தேடினாள். மெதுவாகத் தேடியதுதான் தப்பாகப் போயிற்று. அவர் முகம் சிவந்தது. கன்னம் உப்பியது. உதடுகள் இறுகின. பிறகு, முப்பத்தொரு வருடம் பூட்டி வைத்திருந்த ஒரு சத்தம் அந்த மனிதரிடமிருந்து வெளியே வந்தது.

"க்கீ... க்கீக்கீ... ஹிஹிஹிஹீ!"

சின்னக் குழந்தை சிரிக்கிற மாதிரி, கீச்சுக்குரலில். லிஃப்ட் அக்கா பட்டையைப் பிடித்தபடி உறைந்துபோனாள். உம்மணாமூஞ்சிக்குக் கிச்சுக்கிச்சு!

"அங்க வேணாம்... ஏழு... அங்க மட்டும் வேணாம்... க்கீக்கீ..."

"மயக்கத்துல இருக்கிறவங்க பேசக்கூடாது சார்" என்றாள் அவள்.

அது அவரை முழுசாகக் கவிழ்த்துவிட்டது. காலை உதறினார், கையை உதறினார். அந்த உதறலில் அவருடைய கயிறு முறுக்கிக்கொண்டு, அவர் பாதி தலைகீழாகச் சாய்ந்தார். ஹெல்மெட் கிளையில் மோதி 'டொக்' என்றது. முடிச்சு இறுகிப் பூட்டிக்கொண்டது. இனி அவராகவே இறங்க நினைத்தாலும் முடியாது. நடிப்பு முடிந்து நிஜமாகவே ஓர் ஆள் மரத்தில் மாட்டிக்கொண்டார்.

கீழே நின்றவர்களுக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள். தெருவைப் பார்த்து நின்ற கணவர் நெற்றியில் கைவைத்தார்.

"போச்சா? சிரிச்சுட்டாளா?"

"அது அம்மா இல்லப்பா" என்றாள் மகள்.

"பின்ன யாரு?"

"சாருப்பா!"

அவர் திரும்பினார். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு மரத்தை அடியிலிருந்து நுனி வரை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

மேலே லிஃப்ட் அக்காவின் நிலைமையை என்னவென்று சொல்ல! கண்ணெதிரே உம்மணாமூஞ்சி கீக்கீ என்று அழாத குறையாகச் சிரிக்கிறார். அவளுடைய சிரிப்பு தொண்டைக்குழி வரை வந்து கதவைத் தட்டுகிறது. தட்டட்டும் என்று விட்டாள். நசுங்கிய டப்பா ஞாபகத்துக்கு வந்தது. கீழே ஏலக்காரர் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு, இவள் வார்த்தைக்காகக் காதைத் தீட்டி வைத்திருக்கிறார். லிஃப்டில் மாட்டிய ஆள் சிரித்தால் என்ன, அழுதால் என்ன, தொலைபேசி எடுத்தவள் சிரித்ததுண்டா?

"கயிறைப் பிடி!" என்றாள். மணி அடித்த மாதிரி கேட்டது.

"பிடிச்சாச்சு!"

அவருடைய இடுப்புக் கொக்கியைத் தன்னுடையதோடு இணைத்தாள். அவர் எடையைத் தன் கயிற்றுக்கு மாற்றினாள். முறுக்கிய முடிச்சைப் பிரிக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அறுக்கப் போவது எந்தக் கயிறு என்று இரண்டு தடவை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் முழங்கை விலாவில் படும்போதெல்லாம் அவர் "க்கீ" என்றார்.

"கீழே யாரு?"

ஏலக்காரர் மூச்சை இழுத்தார். "கீழே யாருமில்லை ஒரு தரம்! கீழே யாருமில்லை ரெண்டு தரம்! கீழே யாருமில்லை மூணு தரம்!"

அவள் கயிற்றை அறுத்தாள். இருவரும் அரையடி இறங்கி, ஒரு குலுங்கலோடு அவளுடைய கயிற்றில் நின்றார்கள்.

"இறக்கு!"

"இறக்குறேன்!"

"மெதுவா. நிறுத்து. வலது பக்கம் கிளை. சரி, இறக்கு."

ஒவ்வொரு வார்த்தையும் முத்து முத்தாக வந்தது. அவள் நெஞ்சில் சாய்ந்துகொண்டு கீச்சுக்குரலில் ஒரு மனிதர் சிரித்தபடியே வர, இருபதடி, பதினைந்து, பத்து என்று இறங்கி, பதினான்காவது நிமிடத்தில் அவரைப் புல்லின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்தாள். கழுத்தைத் தாங்கினாள். பட்டையை அவிழ்த்தாள், இம்முறை அக்குளைத் தொடாமல்.

உம்மணாமூஞ்சி எழுந்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்தார். ஒன்பது பேர் முகத்தையும் பார்க்காமல், மணல் ஒட்டிய தேர்வுத் தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக நிரப்பினார். ஏற்றம், சோதனை, முடிச்சு, குரல். கடைசி வரிக்கு வந்தார். பேனா அங்கே வெகுநேரம் நின்றது. பிறகு 'உண்டு' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

லிஃப்ட் அக்காவுக்கு உலகமே நின்றுவிட்டது. நாற்காலியும் தொலைபேசியும் ஜன்னலும் கண்முன் வந்து போயின. ஹெல்மெட்டைக் கழற்றப் போனாள்.

"ஏழு, இருங்க."

அவர் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஏதோ எழுதினார். எழுதித் தாளை அவளிடம் நீட்டினார். வட்டத்துக்குப் பக்கத்தில் 'சிரித்தது நான்' என்று இருந்தது. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து. அதற்கும் கீழே, 'தேர்ச்சி.'

வேலிக்கு அந்தப் பக்கம் மகள் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் கலைந்தன. கணவர் இன்னும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவு உசரத்துலயா இருந்தா?" என்று யாரையோ கேட்டார். கேட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"சார்" என்றார் ஏலக்காரர், தலையைச் சொறிந்தபடி. "அடுத்தது நான். மறுபடியும் நீங்களேதான் தொங்குவீங்களா?"

உம்மணாமூஞ்சி இரண்டு கைகளையும் விலாவோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். "பத்து நிமிஷம் கழிச்சு" என்றார்.

லிஃப்ட் அக்கா தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். தொண்டைக்குழியில் காத்திருந்தது இன்னும் அங்கேயேதான் இருந்தது. கால் தரையில் நிற்கவில்லை.

"சார், அந்தப் பத்து நிமிஷத்துல நான் ஒரு தரம் மேல போயிட்டு வரட்டுமா?"

"எதுக்கு?"

"சிரிக்க."

அவர் அவளைப் பார்த்தார். உதட்டின் ஓரம் லேசாக ஆடியது, அதை உடனே அடக்கிக்கொண்டார். "கொக்கியை ரெண்டு தடவை இழுத்துப் பாருங்க, ஏழு. அப்புறம் ஏறுங்க."

அவள் ஏறினாள். பத்தடி, பதினான்கு, பதினைந்து. இலைகளுக்குள் மஞ்சள் ஹெல்மெட் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மரம் முழுக்கக் குலுங்க ஆரம்பித்தது. கீழே ஏலக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து, சந்தையே கேட்கும்படி கூவினார்.

"மேலே ஒரு ஆள் ஒரு தரம்! மேலே ஒரு ஆள் ரெண்டு தரம்!"